விடுபட்ட இரண்டு பேர்

அத்தியாயம் 14

மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அந்த மருத்துவ ஜர்னலின் இணையதளம் வாங்கிக்கொள்ளாது. மூன்று வருட உழைப்பு புதுக் கட்டுரையாக மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

சிஸ்டர் காலை ஆறு மணிக்கே சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் காகிதங்களைப் பரப்பிவிட்டாள்.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதியோர் வார்டின் தலைமை நர்ஸ். கோபம் வந்தால் வீட்டுக்காரரும் "சரிங்க சிஸ்டர்" என்பார். அவளை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் கூடப் பிறந்த தங்கைதான்.

வார்டில் நோயாளிகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். பாத்ரூம் அவசரம், மணியடித்து நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூச்சம், தானே இறங்கி நடந்தால் தடால். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த சிஸ்டர் ஒரு ஏற்பாடு செய்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கட்டிலாகப் போய், "பாத்ரூம் போகணுமா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். விழுகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துபோனார்கள்.

"இதைக் கட்டுரையா எழுதுங்க சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். எழுதினாள். அவர் பெயரையும் மூன்றாவதாகச் சேர்த்து ஜர்னலுக்கு அனுப்பினாள். நாலு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்களின் முப்பத்தொரு குறிப்புகளோடு திரும்பி வந்தது. திருத்தி அனுப்ப அறுபது நாள் கெடு. இன்று அறுபதாவது நாள்.

புள்ளிவிவரம் எல்லாம் தங்கையுடையது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். வீட்டில் அவள் பெயரே 'புள்ளி' என்றாகிவிட்டது. கட்டுரையில் அவள் பெயர் இரண்டாவது.

அந்தப் புள்ளி, அக்காவின் வீட்டுக்காரரான அத்தான் வீட்டில் இருக்கும்போது இந்த வாசற்படி ஏறி எட்டு மாதம் ஆகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா நெஞ்சுச் சளிக்காக அக்காவின் வார்டிலேயே படுத்திருந்தார். ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். துணைக்கு உட்கார்ந்திருந்த அத்தான் அப்போது டீ குடிக்கக் கீழே போயிருந்தார். அன்றிலிருந்து அத்தானோடு புள்ளி பேசுவதில்லை. டிராயிங் மாஸ்டரான அவர் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, அக்காவோடு இருக்கும் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. அத்தான் வீட்டில்தான் இருந்தார்.

*

மூன்று மாடி ஏறி வந்த புள்ளிக்கு மூச்சு வாங்கியது. தோளில் லேப்டாப் பை.

"லிஃப்ட் இன்னும் சரியாகலையா?"

"கேபிள் மாத்தணுமாம். பத்து நாளா சொல்லிட்டே இருக்கான்" என்று உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "கேபிளும் இல்லை, ஒண்ணும் இல்லை. கதவு சென்சார்ல தூசு. என்னைத் தூக்கிட்டுப் போய் அங்க விடுங்க, அஞ்சு நிமிஷத்துல ஓட விடறேன்."

"லிஃப்ட் ஓடினாத்தானேப்பா உங்களைக் கீழ தூக்கிட்டுப் போக முடியும்" என்றாள் புள்ளி.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் சிரித்துவிட்டார். புள்ளி அந்தப் பக்கம் திரும்பாமல் மேஜையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"எங்க நிக்கிறோம்?"

"கட்டுரைச் சுருக்கம் இருநூத்தம்பது வார்த்தைக்குள்ள இருக்கணுமாம். முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு."

"போன வாரமே சொன்னேனேக்கா."

"போன வாரம் முந்நூத்தி நாப்பது இருந்துச்சு. குறைச்சுத்தான் இருக்கேன்."

புள்ளி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வெட்ட ஆரம்பித்தாள். 'மிகவும் முக்கியமான' போயிற்று. 'என்பது குறிப்பிடத்தக்கது' மூன்று இடத்தில் போயிற்று. 'எங்கள் அன்பான நோயாளிகள்' என்ற இடத்தில் கை நின்றது.

"அன்பான?"

"அன்பானவங்கதான்."

"அதுக்கு ஆதாரம் எந்த டேபிள்ல இருக்கு?"

அந்த 'அன்பான' போனது சிஸ்டருக்குப் பல் பிடுங்கியது போல் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தங்கை வந்ததே பெரிய விஷயம்.

சுருக்கம் ஒருவழியாக இருநூற்று நாற்பத்தொன்பதில் நின்றது. நோக்கம், முறை, முடிவுகள், கருத்து என்று நாலு தலைப்பு. முதல் தடவை அனுப்பியபோது எல்லாவற்றையும் கலந்து கதை சொல்வது போல் எழுதியிருந்தாள். 'முறை பற்றிய பகுதியில் முடிவுகளும், முடிவுகள் பற்றிய பகுதியில் ஆசிரியரின் மன வருத்தங்களும் கலந்துள்ளன' என்று ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த அன்று சிஸ்டர் சாப்பிடவே இல்லை.

அடுத்தது ஃபைலை ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள். இணையதளம் திருப்பித் தள்ளியது. எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாதாம். ஃபைலில் ஆசிரியர் பெயர் இருக்கிறதாம்.

"பெயரை எல்லாம் எடுத்துட்டேனே!"

"ஃபைலுக்கு என்ன பேர் வச்சிருக்கே, பாரு."

சிஸ்டர் பார்த்தாள். தன் முழுப் பெயர், அப்பா பெயர், 'கடைசி', 'கடைசிதிருத்தம்', 'உண்மையிலேயேகடைசி' என்று நீளமாக இருந்தது.

பெயரை மாற்றி ஏற்றினார்கள். மறுபடி தள்ளியது. இந்த முறை படம்.

வார்டின் வரைபடத்தை அத்தான் வரைந்திருந்தார். டிராயிங் மாஸ்டர் ஆயிற்றே. எந்தக் கட்டில் எங்கே, பாத்ரூம் எவ்வளவு தூரம் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. அதோடு ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு ஜோடி செருப்பும் வரைந்து, நீலமும் பச்சையுமாக வண்ணம் தீட்டியிருந்தார்.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. கறுப்பு வெள்ளையிலதான் படம் இருக்கணும். போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா தெளிவு பத்தாது. ஸ்கேன் பண்ணணும். செருப்பு வேண்டாம்."

அவர் மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பு இல்லாம எந்த ஆஸ்பத்திரி இருக்கு?" என்று அத்தான் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

"இருபத்திரண்டு ஜோடி செருப்பு எதுக்குன்னு மதிப்பீட்டாளர் கேப்பார்னு சொல்லுக்கா."

"வழுக்காத செருப்பா இல்லையான்னு பாக்கறதுக்குன்னு சொல்லும்மா."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" சிஸ்டர் கையிலிருந்த பேனாவை மேஜையில் எறிந்தாள். "ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு என் தலையை உருட்டறீங்க! பேசறதா இருந்தா நேரா பேசுங்க. இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க."

அத்தான் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து, செருப்பில்லாமல் வார்டை மறுபடி வரைய ஆரம்பித்தார். கடிகாரத்தில் பதினொன்றே கால்.

*

மத்தியானம் ஒன்றரை மணிக்கு இருபத்தாறு குறிப்புகள் முடிந்தன. அத்தான் தெருக்கோடி ஜெராக்ஸ் கடையில் படத்தை ஸ்கேன் செய்து வந்துவிட்டார். மூன்று மாடி இறங்கி ஏறி, ஃபைல் தப்பான வடிவத்தில் இருக்கிறதென்று மறுபடி இறங்கி ஏறி.

இருபத்தேழாவது குறிப்பு: 'இந்தக் காலத்தில் வார்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் ஏன் விடப்பட்டார்கள் என்பதை ஒரு படமாகக் காட்டவும்.'

"இது லேசு" என்றாள் புள்ளி. "நீ ஏற்பாடு செய்யறதுக்கு முன்னால ஒண்ணரை வருஷம், ஐந்நூத்தித் தொண்ணூறு பேர். அதுல விழுந்தவங்க அறுபத்தொண்ணு. ஏற்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணரை வருஷம், அறுநூத்திப் பன்னெண்டு பேர். விழுந்தவங்க இருபத்திமூணு. வார்டு பதிவேட்டுல சேர்க்கை எத்தனைன்னு பாத்து எழுதிட்டா முடிஞ்சுது. போட்டோ எடுத்து வச்சிருக்கேல்ல?"

சிஸ்டர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். அறுநூத்திப் பன்னெண்டுன்னே போட்டுடு."

"பாத்துட்டே போடறேன். போனைக் கொடு."

"நேரம் ஆகுது புள்ளி."

"ரெண்டு நிமிஷம்க்கா."

சிஸ்டர் போனைக் கொடுத்தாள். புள்ளி படங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"அறுநூத்திப் பதினாலுன்னு இருக்கு."

"எழுத்துப் பிழையா இருக்கும்."

"ஏற்பாடு தொடங்கின நாள்லேருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை எண். கடைசி எண் அறுநூத்திப் பதினாலு. இதுல என்ன எழுத்துப் பிழை? ரெண்டு பேர் நம்ம தரவு ஃபைல்ல இல்லை."

"ரெண்டா?" என்றாள் சிஸ்டர்.

அவள் கேட்ட விதம் புள்ளிக்கு அப்போது உறைக்கவில்லை. எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு போனாள். ஐந்நூற்று எழுபத்தொன்று இல்லை. சரி, ஒன்று கிடைத்தது. இன்னும் கீழே போனாள். அறுநூற்று மூன்று இல்லை. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இருந்த தேதியைப் பார்த்தாள்.

போனைக் கீழே வைத்தாள்.

"அக்கா. இந்தத் தேதியில அப்பாவைச் சேர்த்த ஃபாரத்துல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

சிஸ்டர் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினாள்.

"அப்பாவை ஏன் எடுத்தே?"

"சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு..."

"எந்த விதியில இருக்கு? ஜர்னலோட நாப்பத்திரண்டு பக்க விதியை வரி விடாம நான் படிச்சிருக்கேன். அப்படி ஒரு வரியும் இல்லை." புள்ளியின் குரல் ஏறியது. "அப்பா விழுந்தாரு. ஊருக்கே தெரியும். கால் ஊனி நடக்க ஆறு மாசம் ஆச்சு. அவரையே நீ விழலைன்னு ஆக்கிட்டியா?"

"விழலைன்னு சொல்லலை. ஃபைல்ல இருந்து எடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

மூலையிலிருந்து அத்தான் எழுந்து வந்தார். "புள்ளிம்மா, கொஞ்சம் மெதுவா. மாமா தூங்கறாரு."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க பேசாதீங்க. நீங்க டீ குடிக்கப் போகாம இருந்திருந்தா இந்த எண்ணே இருந்திருக்காது."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் தூங்கலை" என்ற குரல் உள்ளறைக் கதவருகே கேட்டது.

அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் எழுந்து வந்ததை யாருமே கவனிக்கவில்லை. சிஸ்டர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கினார்.

"மாப்பிள்ளை என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. உங்கக்காகிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு. 'மாமாவைப் பாத்துக்கோ, நான் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், ரெண்டு மணிச் சுத்துக்கு நீ வந்துடு'ன்னு. ரெண்டு மணி ஆச்சு. யாரும் வரலை. ரெண்டரை ஆச்சு. எனக்குப் பொறுக்க முடியலை. எழுந்துட்டேன்."

"மணியடிச்சிருக்கலாமேப்பா" என்றாள் புள்ளி.

"பொண்ணு வேலையா இருக்காளேன்னு பாத்தேன்."

புள்ளி அக்காவைப் பார்த்தாள். "ரெண்டு மணிச் சுத்து யாரோடது?"

சிஸ்டர் அப்பாவின் வாக்கரைப் பார்த்தாள். "என்னோடது."

"எங்க இருந்தே?"

"ஆபீஸ் ரூம்ல. கட்டுரைக்கு முன்னுரை டைப் பண்ணிட்டு இருந்தேன். மணி பாக்கலை. கேட்டா விழமாட்டாங்கன்னு பக்கம் பக்கமா எழுதிட்டு இருந்தேன் புள்ளி. கேக்கப் போகலை."

*

புள்ளி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"உங்க மூணு பேருக்கும் தெரியும்."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"எட்டு மாசமா நான் இவர் முகத்தைப் பாக்கலை. போன் எடுத்தா வச்சுடுவேன். அவர் பிறந்த நாளுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நீங்க மூணு பேரும் கூடி உக்காந்து அதை வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கீங்க." அத்தான் பக்கம் திரும்பினாள். "ஏன் சொல்லலை? உங்களுக்கு வாய் இல்லையா?"

"சொன்னா உங்கக்கா வேலைக்கு ஆபத்து" என்றார் அத்தான். "என் மேல கோபம்னா நீ பேசாம இருப்பே. அவ்வளவுதானே? அது பரவாயில்லைன்னு நினைச்சேன்."

"பரவாயில்லையா?"

"பழகிடும்னு நினைச்சேன். பழகலை."

புள்ளி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். படியில் அவள் இறங்குகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

சிஸ்டர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.  லேப்டாப் திரையில் இணையதளம் ஒரு சிறு பெட்டியைக் காட்டியது: 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? தொடர அழுத்தவும்.' அதை அழுத்தக்கூட யாரும் எழவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் படியில் சத்தம். இந்த முறை ஏறுகிற சத்தம்.

வாசலில் நின்று புள்ளி மூச்சு வாங்கினாள். "லேப்டாப் என்னோடது" என்றாள்.

"எடுத்துக்கோ" என்றாள் சிஸ்டர்.

புள்ளி லேப்டாப்பின் முன்னால் வந்து நின்றாள். மூடப் போனவள் மூடவில்லை. "வெளியே தள்ளப் போகுது பாரு" என்று முணுமுணுத்தபடி அந்தப் பெட்டியை அழுத்தினாள். உட்கார்ந்தாள். எதையோ வேகமாகத் தட்டினாள். திரையைக் கூர்ந்து பார்த்தாள்.

"இதுக்காகவா?" என்றாள்.

"என்ன?"

"அப்பாவைச் சேர்த்தா இருபத்திமூணு இருபத்திநாலு ஆகுது. நூத்துக்கு மூணு புள்ளி எட்டு இருந்தது மூணு புள்ளி ஒன்பது. ஏற்பாட்டுக்கு முன்னால பத்து புள்ளி மூணு. உன் முடிவு அசையக்கூட இல்லை. தசமத்துல ஒரு புள்ளி! இந்த ஒரு புள்ளிக்காக எட்டு மாசம் எல்லாரையும் ஆட்டி வச்சிருக்கே."

"எண்ணுக்காக இல்லைடி."

"தெரியும். எண்ணுக்காக இல்லைன்னு தெரியும்." புள்ளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு பாரு. கேக்கப் போன நேரமெல்லாம் வார்டு நல்லா இருந்துச்சு. கேக்கப் போகாத ஒரு மத்தியானம் ஒருத்தர் விழுந்தாரு. உன் கட்டுரை சொல்றதே அதைத்தான். நீ எடுத்துப் போட்டது உன் கட்சிக்கு இருந்த நல்ல சாட்சியை."

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்போ என்னைச் சேருங்கம்மா. விழுந்ததுக்கு அதுவாவது மிஞ்சட்டும்."

சிஸ்டர் அழுதாள். சத்தமில்லாமல், கண்ணாடியைக் கழற்றாமல் அழுதாள். அத்தான் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிட்டார்.

"அழுகை அப்புறம்" என்றாள் புள்ளி. "கருத்துப் பகுதிக்குக் கடைசியில 'ஆய்வின் குறைபாடுகள்'னு ஒரு பத்தி இருக்கு. அங்க எழுதணும். நீயே எழுது."

சிஸ்டர் எழுதினாள்: 'ஒரு நாள் பிற்பகல் சுற்று மேற்கொள்ளப்படவில்லை. அச்சமயம் ஒரு நோயாளி விழ நேரிட்டது.'

"யார் மேற்கொள்ளலை?"

"அப்படித்தானே எழுதுவாங்க? நீயே இப்படித்தான் எழுதணும்னு..."

"மத்த இடத்துல எழுது. இங்க யாருன்னு சொல்லணும்."

அடித்துவிட்டு எழுதினாள்: 'சுற்றுக்குப் பொறுப்பான செவிலியர் செல்லவில்லை.'

"யார் அந்தச் செவிலியர்?"

"புள்ளி, போதும்."

"ரெண்டு பேரை வாய் மூட வச்சியே, அப்போ போதும்னு தோணலையா?"

மூன்றாவது முறை சிஸ்டர் ரொம்ப மெதுவாகத் தட்டினாள். 'அன்று சுற்றுக்குச் செல்ல வேண்டியவர் இக்கட்டுரையின் முதல் ஆசிரியர். அவர் செல்லவில்லை. விழுந்த நோயாளி அவருடைய நெருங்கிய உறவினர். முதலில் இந்தப் பதிவை அவர் தரவிலிருந்து நீக்கியிருந்தார். இப்போது அது சேர்க்கப்பட்டுள்ளது.'

எழுதி முடித்ததும் புள்ளி ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

*

நாலு மணி ஐந்து நிமிடம். அட்டவணையைத் திருத்தியாயிற்று. சுருக்கத்தில் இரண்டு எண்களை மாற்றியாயிற்று. நீக்கிய மேற்கோள் ஒன்றால் ரெஃபரன்ஸ் பட்டியல் பதினேழிலிருந்து ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தது. அத்தான் சத்தமாக எண் வாசிக்க, புள்ளி திருத்தினாள். "அத்தான், இருபத்தொண்ணா இருபத்திரண்டா?" என்று அவள் கேட்டபோது வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அத்தான் மட்டும் பட்டியலில் விரலை வைத்தபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, "இருபத்தொண்ணு" என்றார்.

"இனி இருபத்தேழுதான் பாக்கி" என்றாள் புள்ளி. "சேர்ந்தவங்க அறுநூத்திப் பதினாலு. எடுத்துக்கிட்டவங்க அறுநூத்திப் பதிமூணு. ஐந்நூத்தி எழுபத்தொண்ணை ஏன் எடுத்தே?"

"நான் எடுக்கலை."

"அக்கா."

"சத்தியமா எடுக்கலை. அப்பாவோடது ஒண்ணுதான் எடுத்தேன். நீ ரெண்டுன்னு சொன்னப்போ எனக்கே புரியலை."

புள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு இதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பிருக்கிற முகம் இல்லை அது.

"யார் அந்த ஆள்?"

சிஸ்டர் போனில் படத்தைப் பெரிதாக்கினாள். ஐந்நூற்று எழுபத்தொன்று. ஒரு வயதான அம்மா, பதினாறாம் கட்டில். சேர்ந்த தேதி இருந்தது. போன தேதி இருந்தது. என்ன ஆயிற்று என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க சிஸ்டர் லீவில் இருந்தாள்.

"தரவு ஃபைல் வேற யார் கையில இருந்துச்சு?"

"யார் கையிலயும்... பெரிய டாக்டர் ஒரு வாரம் வச்சிருந்தாரு. சரிபாத்துத் தர்றேன்னு வாங்கினாரு."

அத்தான் எழுந்து மணியைப் பார்த்தார். "நாலே கால். இதை அப்படியே விட்டுட்டு அனுப்பிட முடியாதா? 'ஒரு பதிவு கிடைக்கவில்லை'ன்னு எழுதிட்டா?"

புள்ளி அக்காவைப் பார்த்தாள். முடிவு அவளுடையது. மூன்று வருடம் அவளுடையது.

சிஸ்டர் திரையிலிருந்த 'சமர்ப்பி' பட்டனைப் பார்த்தாள். நீல நிறத்தில், அழுத்தத் தயாராக இருந்தது. முப்பத்தொரு குறிப்புக்கும் ஒன்றுவிடாமல் பதில் எழுதி இதை அழுத்தும் நாளுக்காக அறுபது நாள் காத்திருந்திருக்கிறாள்.

"காரணம் தெரியாம 'கிடைக்கவில்லை'ன்னு எழுதினா, அது நான் பண்ணின அதே வேலை" என்றாள். "எடிட்டருக்குக் கடிதம் எழுதலாம். ரெண்டு எண்ணையும் சொல்லி, பதினைஞ்சு நாள் கேப்போம்."

"கொடுக்கலைன்னா?"

"கொடுக்கலைன்னா மறுபடி வரிசையில நிப்போம். வேற என்ன பண்றது, தலையெழுத்து." அவள் தோளைக் குலுக்கினாள். "விதி நாப்பத்திரண்டு பக்கத்தையும் நீ இன்னொரு தடவை படி."

"ஐயோ" என்றாள் புள்ளி, மனதாரச் சலித்துக்கொண்டு.

கடிதம் ஏழே வரி. நாலு ஐம்பத்திரண்டுக்குப் போயிற்று. 'உங்கள் கடிதம் கிடைத்தது. பதிலுக்கு ஐந்து வேலை நாட்கள் ஆகலாம்' என்று மறு நொடியே தானாக ஒரு பதில் வந்து விழுந்தது. ஐந்து மணிக்கு நீலப் பட்டன் சாம்பல் நிறமானது. நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"பசிக்குது" என்றார் அப்பா. அப்போதுதான் மத்தியானம் யாருமே சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அத்தான் சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் புள்ளியும் பின்னாலேயே போய்த் தட்டுகளை எடுத்தாள்.

சிஸ்டரின் போன் அடித்தது. பெரிய டாக்டர்.

"என்ன சிஸ்டர், அனுப்பியாச்சா?" உற்சாகமான குரல்.

"இல்லை சார். அனுப்பலை." அவள் எழுந்து நின்றுகொண்டு பேசினாள், வார்டில் பேசுவது போலவே. "தரவுல ஒரு பதிவு விடுபட்டிருக்கு சார். எங்கப்பாவோடது. நான்தான் எடுத்தேன். திங்கட்கிழமை நேர்ல வந்து எல்லாம் சொல்றேன்."

மறுமுனையில் யாரோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரலில் அந்த உற்சாகம் இல்லை; ரொம்பத் தணிவாக இருந்தது.

"ஒண்ணுதானே சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?"

சமையலறை வாசலில் கையில் தட்டோடு நின்ற புள்ளி, அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்தாள். இரண்டு எண்களையும் சுமந்துகொண்டு கடிதம் போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.